கருங்கடலுக்குப் போய் வந்தவர்

எங்கள் கம்பெனி கேண்டீனுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று தொழிலாளிகளுக்கு, இன்னொன்று ஆபீசர்களுக்கு. சாம்பார் ஒரே அண்டாவில்தான் கொதிக்கும். ஆபீசர் பக்கம் போகும் வாளியில் மட்டும் நெய்யில் தாளித்துக் கொட்டுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். பத்து வருடமாக எல்லோரும் அந்த வாசனையை மோந்துகொண்டு பேசாமல் சாப்பிட்டோம். ஒரு நாள் அவர் தன் எவர்சில்வர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீசர் வாசல் வழியாக உள்ளே போய், பர்ச்சேஸ் மேனேஜருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இன்னா சார் பாக்குறீங்க? நீங்களும் துன்னுங்க, நானும் துன்றேன். அங்க டைரக்டரே தட்டத் தூக்கினு என் பின்னால லைன்ல நின்னான்.”

அங்கே என்றால் எங்கே என்பது தொழிற்பேட்டைக்கும் எங்கள் தெருவுக்கும் தெரியும். பல்கேரியா. அவருக்கே அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிகூட “பல்கேரியா வந்தாச்சா?” என்றுதான் கேட்பான். அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதை எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஏன் என்பதை முடிவில் சொல்கிறேன்.

அவர் ஃபிட்டர். நான் பர்சனல் டிபார்ட்மெண்டில் டைப்பிஸ்ட். கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் நானும் அம்மாவும் தங்கையும் குடியிருந்தோம். எண்பதுகளின் நடுவில், பளு தூக்கும் இயந்திரம் செய்வதற்காக எங்கள் கம்பெனி பல்கேரியாக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டது. வேலை பழகிவர ஐந்து பேரை மூன்று மாதம் அங்கே அனுப்பினார்கள். நான்கு பேர் ஸ்வெட்டரும் டேப் ரிக்கார்டரும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். இவர் கோபத்தோடு திரும்பினார். போவதற்கு முன்னால் அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட, தான் நகர்ந்து நிற்கிற மனிதர்.

நடந்தது இதுதான். பயிற்சி முடிந்ததும் அந்த ஊர்த் தொழிற்சாலை தன் தொழிலாளிகளோடு இவர்களையும் கருங்கடல் ஓரத்து ஊர் ஒன்றுக்குப் பதினான்கு நாள் ஓய்வுக்கு அனுப்பியது. “அந்தப் பதினாலு நாளுதான் அவுர கெடுத்துச்சு” என்று அவர் மனைவி சொல்வார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. மாலையில் வீடு திரும்பும்போது தலைமுடியிலெல்லாம் நூல் பிசிறு ஒட்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தெருவே காத்திருக்கும். அப்போதுதான் அவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அந்த ஊர்க் கதையைச் சொல்வார்.

“காலைல டிராக்டர் வந்து மணல வாரி உட்டுட்டுப் பூடும். குளிச்சிட்டு வந்த பொண்ணுக்குத் தலை வாரி உட்டா மாரி கோடு கோடா கீது. மொதல்ல காலு வெக்கவே மனசு வராது. அப்பால ஒரு பொம்பள சோளக்கதிர அவிச்சுத் தூக்கினு வரும். மொளவாப்பொடி கெடையாது, எலுமிச்சம்பயம் கெடையாது. வெறும் உப்பு. நாக்கு செத்துப்பூடும்.”

“அப்புறம்?” என்று கேட்பதற்கு எப்போதும் யாராவது இருப்பார்கள்.

“அப்புறம் இன்னா, எல்லாம் வெயில்ல காய்வாங்க. எதுக்குன்ற? கறுப்பாவுறதுக்கு! எண்ணெயத் தடவிகினு பெரட்டிப் பெரட்டிக் காய்வாங்க. வெல்டர் ஒருத்தன் என் கையத் தொட்டுப் பாத்துட்டு, நீ எத்தினி மாசமா இங்க படுத்துகினு கீறேன்னு கேட்டான்.”

தெரு சிரிக்கும். தலையாட்டும் கதையைச் சொல்லச் சொல்லிப் பிள்ளைகள் பிடுங்குவார்கள். அந்த ஊரில் ஆமாம் என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்களாம், இல்லை என்றால் மேலும் கீழும். சாப்பாடு வேண்டுமா என்று பரிமாறுகிறவள் கேட்கும்போதெல்லாம் இவர் மேலும் கீழும் ஆட்டி, முதல் இரண்டு நாள் அரை வயிற்றோடு கிடந்தாராம். நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆளும் இல்லை. கடைக்குச் செருப்பு வந்திருக்கிறது என்றால் ஊரே வரிசையில் நிற்கும் என்பார். அரசாங்கத்தைப் பற்றி ஏதாவது கேட்டால், மொழிபெயர்க்க வந்த பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடும் என்பார். “அவனுக்கும் வாய்க்குப் பூட்டு கீது. ஆனா காலு நீட்டிப் படுக்க எடம் கீது” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி வந்த பிறகும் பேச்சை விடாமல், கிரேன் ஓட்டும் பெண்ணைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

“எங்க மேசைல ஒரு பொம்பள. பெரிய ஒர்க்ஷாப்புல கிரேன் ஓட்டுதாம். அம்பது வயசு இருக்கும். வந்த அன்னிக்குச் சாப்புட்டுச்சு, மணல்ல போயி படுத்துச்சு, தூங்கிடுச்சு. மறுநாளும் அப்டியே. பதினாலு நாளும் தூங்குச்சு. ஒருத்தன் எய்ப்பல. ஒருத்தன் ஏம்மான்னு கேக்கல. புருசங்காரன் ஊட்ல புள்ளைங்கள வெச்சுப் பாத்துகினு கீறானாம்.”

வரிசையில் நின்ற அக்கா, “நீ எப்போ பாத்துக்கப் போறே?” என்று கேட்டார்.

பெண்கள் சிரித்தார்கள். அவர் எழுந்தார். “நானாடி தடுக்கிறேன்? எவன் குடுத்தான் நமக்குப் பதினாலு நாளு? கம்பெனிக்காரன் உன்னக் கூப்புட்டானா, வாம்மா வந்து படுன்னு?” என்று கத்தியபடி காலால் உதைத்தார். அப்போதுதான் நிரம்பியிருந்த அவர்கள் வீட்டுக் குடம் உருண்டு, தண்ணீரெல்லாம் சாக்கடையில் போய் விழுந்தது.

அக்கா வீட்டுக்குள் போய்விட்டார். அவர் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். பெண்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் தலையைக் குனிந்தபடி நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். அவருடைய கோபத்தைக் கண்டு எனக்குப் பயம் வந்ததும் அன்றுதான், அவர்மேல் மரியாதை வந்ததும் அன்றுதான்.

அடுத்த வருடம், கோவளத்தில் இருந்த கம்பெனி பங்களாவில் தண்ணீர் மோட்டார் பழுதாகிவிட்டது. பார்த்துவர அவரை அனுப்பினார்கள். மறுநாள் காலை ஷிஃப்ட் ஆரம்பிப்பதற்கு முன்பே என் மேசைக்கு வந்துவிட்டார்.

“தங்கச்சி, கோவளத்துல கீதே அந்த ஊடு, அது யாரு பேருல கீது?”

எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அரசாங்கத்துக்கு அனுப்பும் அறிக்கையில் தொழிலாளர் நலன் என்று ஒரு பக்கம் வரும். கேண்டீன், முதலுதவி அறை, அப்புறம் ‘தொழிலாளர் கடற்கரை ஓய்வு இல்லம்’. டைப் செய்வது நான்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவான குரலில் சொன்னேன்.

“நம்ம பேர்லதான் இருக்கு அண்ணே. தொழிலாளிங்க தங்கறதுக்குன்னு கணக்கு காட்டுறாங்க.”

“எத்தினி வருசமா?”

“நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து அடிக்கிறேன்.”

“நீ ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கலியே அண்ணே.”

அவ்வளவுதான். ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் கத்தத் தொடங்கிவிட்டார். “கேட்டாத்தான் சொல்வியா நீ? வாயில இன்னா கொயுக்கட்டையா? பன்னெண்டு ரூம் கீது தங்கச்சி அங்க. கட்டில் மேல மெத்த, மெத்த மேல வெள்ளத் துணி. நேத்து எவனோ டைரக்டரு புள்ளயோட சிநேகிதனுங்க நாலு பேரு பிராந்தி பாட்ல வெச்சுகினு இருந்தானுங்க. எனக்குச் சோத்தப் பின்பக்கம் படிக்கட்ல வெச்சுக் குடுத்தானுங்க. உங்கம்மா மூச்சு உட முடியாம இந்த ஃபவுண்டரிப் பொகையில கெடக்குது. நீ என்னாடான்னா வருசா வருசம் பொய்ய டொக்கு டொக்குன்னு அட்ச்சுகினு குந்தினு கீறே!”

எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் கோபமும் வந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதால் வந்த கோபம்.

அந்த வாரமே லீவு பாரம் வாங்கி ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தார். பதினான்கு நாள் விடுப்பு, மனைவியோடு, தங்கும் இடம் தொழிலாளர் ஓய்வு இல்லம், கோவளம். பர்சனல் மேனேஜர் படித்துவிட்டு, “பாரும்மா, இவருக்கு ஹனிமூனாம்” என்று என்னிடம் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். பாரத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டார். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு பாரம் வந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை இன்னொன்று. எல்லாவற்றையும் ஓட்டை போட்டுக் கோப்பில் கோத்து வைத்தவள் நான்தான்.

யூனியன் தலைவர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். “போனஸு பேசிகினு கீறோம் மச்சான். இந்த நேரத்துல போயி பீச்சு, மெத்தன்னுகினு. வெளிய சொன்னா சிரிப்பானுங்க.”

“ஏன் சிரிக்கணும்? காசு கேட்டா கௌரவம், படுக்க எடம் கேட்டா கேவலமா?” என்று இவர் எழுந்து வந்துவிட்டார்.

பொங்கல் லீவில் ஒரு நாள், தன் குடும்பத்தையும் இன்னும் இரண்டு குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு, புளிசோற்றுத் தூக்கோடு பஸ் மாறி மாறிக் கோவளம் போனார். என்னையும் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு மூச்சு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அம்மா நன்றாகத்தான் இருந்தாள்.

அங்கே நடந்ததை மறுநாள் அக்காதான் சொன்னார்.

“கேட்டு பூட்டிக் கீது. வாச்மேன் தொறக்கல. இவுரு செவுரேறிக் குதிச்சு உள்பக்கமா தொறந்து உட்டாரு. நாங்க உள்ள போனோம். மாடியில நின்னுகினு ஒருத்தன், வேலைக்காரங்கல்லாம் பின்பக்கமா போங்கன்றான். இவுருக்கு வந்துச்சே பாரு கோவம்! இது எங்க ஊடுடா, நீ எவன்டான்னு ஆரம்பிச்சாரு. அவன் கத்துறான், இவுரு கத்துறாரு, கொயந்தைங்க அய்வுது. நான் பாத்தேன். பங்களாவுக்குத்தானே பூட்டு? கடலுக்கா பூட்டு போட்டானுங்க? நான் பாட்டுக்குப் பின்பக்கமா எறங்கிப் போயிட்டேன். மணல்ல முந்தானைய விரிச்சுப் படுத்தேன். தூக்கம் வரல. ஆனா படுத்தேன். போலீசு வந்து, வாம்மா ஸ்டேஷனுக்குன்னு சொல்ற வரிக்கும் படுத்துகினு இருந்தேன்.”

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் சொல்லச் சொல்ல நான் குற்றப்பத்திரிகை டைப் செய்தேன். கம்பெனி சொத்தில் அத்துமீறி நுழைந்தது. விருந்தினரை ஆபாசமாகத் திட்டியது. சக தொழிலாளிகளைத் தூண்டிவிட்டது. அன்றே அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். கோவளத்துக்குக் கூடப் போன இரண்டு தொழிலாளிகளும் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளே வேலைக்குத் திரும்பினார்கள். இவரையும் எழுதச் சொன்னார்கள். “என் ஊட்டுக்கு நான் போனதுக்கு எவன்கிட்ட மன்னிப்பு?” என்றார்.

விசாரணைக்கு முந்தைய மாலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

“உன் தங்கச்சிக்கு ஸ்டோர்ஸ்ல வேலை கேட்டிருந்தியே, அடுத்த மாசம் பாக்கலாம்னு இருக்கேன். நாளைக்கு விசாரணைல நீதான் டைப் பண்ணணும். உன் வேலை டைப் பண்றது மட்டும்தான், சரியா?”

தலையாட்டினேன்.

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வக்கீல். மேசையின் ஓரத்தில் மிஷினோடு நான். அவர் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, குற்றம் சாட்டப்பட்டவராக எதிரில் நின்றார். அது தொழிலாளிகளின் ஓய்வு இல்லம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று வக்கீல் கேட்டார். ஆதாரமெல்லாம் மேனேஜர் அலமாரியில் இருந்தது. கேட்டால் கொடுப்பார்களா?

அவர் என் பக்கம் கையைக் காட்டினார். “இதோ குந்தினு கீதே, எங்க தெருப் பொண்ணு. வருசா வருசம் இதுதான் டைப் அடிக்குது. கேளுங்க சார், சொல்லும்.”

எவ்வளவு நம்பிக்கை அந்தக் குரலில்! வக்கீல் என்னைப் பார்த்தார். மேனேஜர் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படி ஏதாவது டைப் செய்ததாக நினைவிருக்கிறதா?”

“ஞாபகம் இல்ல சார்.”

“அதையும் பதிவு செய்யுங்கள்.”

செய்தேன். நான் சொன்ன பொய்யை, என் கையாலேயே, எழுத்துப் பிழை இல்லாமல், இரண்டு கார்பனோடு. டைப் செய்யும்போதே தெரிந்தது, இப்போது அவர் கத்தப் போகிறார், மேசையைத் தள்ளப் போகிறார், ஏதாவது எடுத்து என்மேல் வீசுவார் என்று. வீசட்டும் என்று காத்திருந்தேன். நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வக்கீலைப் பார்த்து, “அவ்ளோதான் சார். எயுதிக்கோங்க. கையெய்த்து எங்க போடணும்?” என்றார்.

வேலை போனது. லேபர் கோர்ட்டுக்கு அலைந்தார். யூனியன் கூட வரவில்லை. நாலு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஐயப்பன்தாங்கல் பக்கம் போனார்கள். வண்டியில் சாமான் ஏற்றும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அக்கா எங்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமலே, “நல்லா இருங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். என் தங்கை ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு புடவை வாங்கிவந்தாள். நான் அதை உடுத்தவே இல்லை. ஏன் என்று அவள் கேட்டபோது அவள்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு கோவளத்து பங்களாவைக் கம்பெனி விற்றது. விற்பனைக் கடிதத்தையும் நான்தான் டைப் செய்தேன். அதில் அது டைரக்டர்களின் விருந்தினர் மாளிகை என்று இருந்தது. இத்தனை வருடமாக நாங்கள் காட்டிய கணக்கைப் பற்றி எவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் கையை உடைக்கலாமா என்று இன்றும் எனக்குத் தோன்றும். அப்புறம் அதை அடித்தது யார் கை என்ற ஞாபகம் வரும்.

எட்டு ஒன்பது வருடம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், ஐயப்பன்தாங்கல் டிப்போவில் அவரைப் பார்த்தேன். சித்திரை வெயில். ஒரு மணி நேரமாக பஸ் இல்லை. கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். டைம்கீப்பர் அறை வாசலில் கூட்டம். நடுவிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“உனக்கு மட்டும் உள்ள ஃபேன் சுத்துதுல்ல? இந்தப் பொம்பளைங்க இன்னா கருவாடா, வெயில்ல காயுறதுக்கு? ஒரு கீத்துக் கொட்டா போட மாட்டியா நீ?”

தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டையில் கிரீஸ் கறை. அங்கேயே மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பதாக அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் குரலைக் கேட்டதும், உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

“அண்ணே.”

பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்துவிட்டது. பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை நகரச் சொல்லி இடம் செய்தார்.

“வாங்க மேடம். உக்காருங்க. சௌக்கியமா கீறீங்களா?”

தங்கச்சி என்று கூப்பிட்ட வாய். “அக்கா எப்படி இருக்காங்க?” என்றேன்.

“நல்லா கீது மேடம். ஞாயித்துக்கெயமையானா பஸ் புடிச்சு பீச்சுக்குப் பூடும், தனியா. என்ன இட்டுகினு போறதில்ல. நான் அங்க வந்தும் எவன் கூடயாவது சண்ட போடுவேனாம்” என்று சிரித்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. “அண்ணே, என்னை ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க. நான் அன்னிக்கு…”

“ஐயோ, இன்னா மேடம் நீங்க” என்று பதறிப்போய் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். “உங்கள நான் இன்னா சொல்லப் போறேன்? நீங்க ஆபீஸ்காரங்க. உக்காருங்க, வெயில் ஜாஸ்தி.”

அதற்குள் டைம்கீப்பர் மெதுவாக நழுவப் பார்த்தான். அவர் சட்டென்று திரும்பினார். “யோவ்! எங்க போறே நீ? பேசிகினு இருக்கும்போதே போறியே, சோறு துன்றவன்தானே நீயும்? உங்கூட்டுப் பொம்பள இங்க நின்னா இப்டிப் போவியா?” என்று அவன் தோளைப் பிடித்து நிறுத்தி ஆரம்பித்தார்.

அவர் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த டைம்கீப்பர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.